எதிர்ப்பு வந்தது யாருக்கு?

"தம்பி, எனக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று டொக்டர் சொல்கிறார். நல்லதுதானே?"

விசுவமடுப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் அம்மா ஒருவர் ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே நின்று இப்படிக் கேட்டார். வன்னியில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. அவர் நீரிழிவுக்காரர். வரம்பில் நடந்தபோது போத்தல் ஓடு கிழித்த பாதம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. முதலில் பாமசியில் சொல்லி வாங்கிய குளிசை. அது சரிவராமல் போக, 'பவர் கூடியது' என்று தந்த இன்னொரு குளிசை. அதுவும் சரிவராத பிறகுதான் வைத்தியசாலை. காயத்திலிருந்து எடுத்த சீழ் எங்களிடம் வந்தது. அதன் முடிவைத்தான் டொக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் கேட்டதில் பிழை இல்லை. பிழை நமது சொல்லில் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று காது புளிக்கக் கேட்ட சனத்துக்கு 'எதிர்ப்பு' என்றால் நல்ல சேதியாகத்தான் இருக்கும். நோய் எதிர்ப்பு என்பது நமது உடம்பு கிருமியை எதிர்ப்பது. மருந்து எதிர்ப்பு என்பது கிருமி மருந்தை எதிர்ப்பது. சொல் ஒன்று, ஆள் வேறு.

இதன் இன்னொரு வடிவம் 'உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்பது. படித்தவர்களும் சொல்கிறார்கள். உடம்பு எந்த அன்ரிபயோட்டிக்குக்கும் பழகுவதில்லை. வாழ்நாளில் ஒரு அன்ரிபயோட்டிக் குளிசைகூட விழுங்காத ஒருவருக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம். வேறு யாரோ ஒருவரின் உடம்பிலோ, ஒரு கோழிப் பண்ணையிலோ தேறிய கிருமி அது.

வயலில் நடப்பது

இரணைமடுத் தண்ணீர் பாயும் ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். காலபோக விதைப்பு முடிந்து நெல்லோடு நெல்லாக நெற்சப்பியும் கோழிச்சூடனும் முளைக்கின்றன. கமக்காரர் களைநாசினி அடிக்கிறார். ஆயிரம் களையில் இரண்டு தப்புகின்றன என்று வைப்போம். அவை தப்பியது பிறப்பிலேயே அவற்றுக்குள் இருந்த ஒரு சிறு வித்தியாசத்தால். அடுத்த போகத்துக்கு விதை உதிர்ப்பவை அந்த இரண்டும்தான். அதே களைநாசினியையே போகத்துக்குப் போகம் அடித்தால், சில ஆண்டுகளில் வயல் நிறைய நிற்பவை அவற்றின் பேரப்பிள்ளைகள். கற்பனை இல்லை, புரொப்பனில் என்ற களைநாசினிக்கு அடங்காத புல்லினக் களை இலங்கை வயல்களிலேயே பதிவாகியிருக்கிறது.

இதில் வயல் எதற்கும் பழகவில்லை. எந்தவொரு களையும் மருந்து குடித்துக் குடித்துத் தேறவும் இல்லை. சாகக்கூடியவை செத்து இடம் விட்டன, சாகாதவை அந்த இடத்தைப் பிடித்தன. மருந்து செய்தது தெரிவு மட்டுமே.

கிருமிகளிலும் இதுவே நடக்கிறது. ஆனால் வயல் உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது: வேகம். களைக்கு அடுத்த தலைமுறை வர ஒரு போகம் வேண்டும். வசதியான சூழலில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. அந்த வேகம் குறையாமல் நீடித்தால் ஒன்று 10 மணித்தியாலத்தில் 107 கோடியாகிவிடும். அத்தனை கோடிப் பிரதியெடுப்பில் எழுத்துப்பிழை விழாமல் இருக்குமா? மரபுச் செய்தியில் விழும் அந்தப் பிழைக்குப் பெயர் விகாரம். பெரும்பாலான விகாரங்கள் கிருமிக்கே கேடு. எப்போதாவது ஒன்று, மருந்துக்குத் தப்ப உதவுகிறது.

எது அன்ரிபயோட்டிக், எது இல்லை

பற்றீரியா என்பது ஒரேயொரு கலத்தாலான உயிர். தானே உண்டு, தானே பெருகும். வைரஸுக்குச் சொந்தக் கலமே இல்லை. நமது கலத்துக்குள் நுழைந்து நமது சாமான்களைக் கொண்டே பெருகும். அன்ரிபயோட்டிக் என்பது பற்றீரியாவைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. பற்றீரியாவிடம் உள்ள, ஆனால் நம்மிடம் இல்லாத அல்லது நம்மிடம் வேறு விதமாக உள்ள ஏதோவொன்றில் அது கை வைக்கிறது. பென்சிலின், அமொக்சிசிலின், குளொக்சசிலின் எல்லாம் பற்றீரியாவின் கலச்சுவர் கட்டும் வேலையைக் குழப்புகின்றன. நமது கலத்துக்குச் சுவர் கிடையாது, ஆகவே நமக்குப் பெரிய சேதமில்லை. வைரஸுக்கும் சுவர் கிடையாது. ஆகவே தடிமனுக்கும் டெங்குவுக்கும் அமொக்சிசிலின் குடிப்பது சுவரே இல்லாத வீட்டை இடிக்கப் புல்டோசர் கொண்டுபோவது. அந்த வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. நமது குடலிலும் தோலிலும் குடியிருக்கும் கோடிக்கணக்கான அப்பாவிப் பற்றீரியாக்களில் மட்டும் தெரிவு நடக்கும்.

பங்கசுக்கும் மலேரியாவுக்கும் வைரஸுக்கும் தனித்தனி மருந்துகள் உள்ளன. எல்லாவற்றையும் சேர்த்து நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் என்பார்கள். அவற்றுக்கும் இதே கதைதான். வன்னியின் மூத்தவர்களுக்குக் குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்றும் நாக்கில் இருக்கும். உலகின் பெரும்பகுதியில் கொடிய வகை மலேரியாவிடம் அந்த மருந்து தோற்றுப்போனது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டதால் இங்கு அந்தப் பேச்சு அடங்கியிருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எதிர்ப்பு கிருமியினுடையது. மருந்து அதைப் படைப்பதில்லை, இருப்பதில் தெரிந்தெடுக்கிறது. அன்ரிபயோட்டிக் பற்றீரியாவுக்கு மட்டும்.

கிருமி எப்படித் தப்புகிறது

நான்கு வழிகள். இரண்டை விரைவாகச் சொல்லிவிடலாம். மருந்து உள்ளே வரும் துளைகளைக் குறைத்துக்கொள்வது ஒன்று, குளத்தின் துருசை இறக்குவது போல. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளுவது மற்றது. முல்லைத்தீவுக் கடலில் வள்ளத்துக்குள் ஏறும் தண்ணீரை ஏறும் வேகத்திலேயே இறைத்துக்கொண்டிருந்தால் வள்ளம் தாழாது. அதே வித்தை.

மூன்றாவது வழி, மருந்தையே வெட்டிவிடுவது. பென்சிலின் மூலக்கூறின் நடுவில் ஒரு சிறு வளையம் உண்டு. அதை உடைக்கும் நொதியம் சில பற்றீரியாக்களிடம் இருக்கிறது. நொதியம் என்பது உயிருக்குள் இரசாயன வேலையைச் செய்துமுடிக்கும் புரதம். இந்தக் கத்தரிக்கோலை ஆபிரகாம், செயின் என்ற இருவர் 1940இலேயே விவரித்தார்கள். பென்சிலின் அப்போது பொதுமக்களின் கைக்கு வந்திருக்கவே இல்லை. மருந்துக்கு முன்பே எதிர்ப்பு காத்திருந்தது. பின்னாளில் விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். கத்தரிக்கோலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு அதை இயங்கவிடாமல் செய்யும் கிளவுலானிக் அமிலத்தை அமொக்சிசிலினோடு சேர்த்தார்கள். பாமசிகளில் 'பவர் கூடியது' என்று சொல்லப்படும் கோ-அமொக்சிக்ளாவ் அதுதான். உள்ளே இருக்கும் அமொக்சிசிலின் பழைய அமொக்சிசிலினேதான். கூட ஒரு காவலாள் வந்திருக்கிறார், அவ்வளவே.

நான்காவது, மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தையே மாற்றிவிடுவது. உழவு இயந்திரத்தின் நட்டை வேறு அளவில் போட்டுவிட்டால் பழைய ஸ்பானர் சுற்றிக்கொண்டே இருக்கும், நட்டு கழராது. கத்தரிக்கோலுக்கு வெட்டுப்படாத மெதிசிலின் என்ற மருந்து 1959இல் வந்தது. இரண்டே ஆண்டுக்குள் இங்கிலாந்தில் அதற்கு அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் ஒரியஸ் கண்டுபிடிக்கப்பட்டது. சீழ்க்கட்டிக்கும் காயப் புண்ணுக்கும் பேர்போன கிருமி அது. மருந்தை வெட்ட முயலாமல், மருந்து பிடிக்க முடியாத புதிய புரதமொன்றைச் சுவர் கட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வைத்தியசாலைகளில் காதில் விழுவது இதைத்தான்.

விசுவமடு அம்மாவின் பாதத்தில் இருந்ததும் இதுவே. இப்போது அவருடைய இரண்டாவது குளிசை ஏன் கேட்கவில்லை என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். காவலாள் பிடிக்க வந்தது கத்தரிக்கோலை. இந்தக் கிருமி மாற்றியதோ நட்டை.

நோட்ஸ் கொப்பி கைமாறுவது போல

வயல் உவமை நொண்டும் இரண்டாவது இடம் இது. நெற்சப்பி தனது குணத்தைத் தன் விதைக்குத்தான் கொடுக்கும். பக்கத்தில் நிற்கும் கோரைக்குக் கொடுக்காது. பற்றீரியா கொடுக்கும்.

கிளிநொச்சியில் ஒரு ரியூசன் ஆசிரியரின் நோட்ஸ் ஒரு மாணவியிடம் இருக்கிறது. அவள் அதைப் போட்டோக்கொப்பி எடுத்துப் புதுக்குடியிருப்பில் படிக்கும் மச்சாளுக்குக் கொடுக்கிறாள். மூலம் அவளிடமே இருக்கிறது. மச்சாள் மாங்குளத்துத் தோழிக்கு. ஒரு மாதத்தில், அந்த ஆசிரியரின் முகத்தையே காணாத பள்ளிக்கூடங்களில் அந்த நோட்ஸ் இருக்கும். பற்றீரியாக்களிடமும் அப்படியொரு கொப்பி உண்டு. முதன்மை மரபுப்பொருளுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறிய வளைய வடிவ மரபுத்துண்டு. பெயர் பிளாஸ்மிட். இரண்டு பற்றீரியாக்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று தன் பிளாஸ்மிட்டைப் பிரதியெடுத்து மற்றதுக்குக் கொடுக்கலாம். இரண்டும் ஒரே இனமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை.

1950களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டு திகைத்தார்கள். வயிற்றுளைவு நோயாளிகளிடம் எடுத்த சிகெல்லாக் கிருமி, ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காமல் இருந்தது. நாலு விகாரம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்திருந்தால் அவ்வளவு விரைவில் நடந்திருக்காது. சாதாரணக் குடல் பற்றீரியாவான ஈ.கோலை, எல்லா எதிர்ப்பையும் ஒரே கட்டாகக் கைமாற்றியிருந்தது. தீங்கு செய்யாத குடல் பற்றீரியா நாளைக்கு வரப்போகும் கெட்ட கிருமிக்கு நோட்ஸ் வைத்திருக்கும் களஞ்சியமாகலாம். தேவையில்லாமல் குடிக்கும் ஒரு குளிசை 'வீண்' என்பதோடு நிற்பதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆய்வுகூடத் தட்டு

பலருக்கு இது பூட்டிய அறை. கொஞ்சம் உள்ளே வாருங்கள்.

சீழைத் தட்டில் தடவி இரவு முழுக்கச் சூட்டில் வைப்போம். மறுநாள் கிருமி புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான கிருமிகளின் குவியல். ஒரு புள்ளியைத் தொட்டு உப்புநீரில் கலக்குவோம். கலங்கல் குறிப்பிட்ட அளவுக்கு வரவேண்டும்; கூடினாலும் குறைந்தாலும் முடிவு பொய் சொல்லும். பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்து, இன்னொரு தட்டில் மூன்று திசையில் இடைவெளி விடாமல் தடவுவோம். தட்டில் இருப்பது ஏகார், கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ். வைக்கோலின் நிறம். அதன் மேல் 6 மில்லிமீற்றர் அகலமான சின்னக் கடதாசி வில்லைகளை வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து.

மறுநாள் காலையில் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் பதில் தெரியும். தட்டு முழுக்க மங்கலான புல்வெளி. அதுதான் கிருமி. சில வில்லைகளைச் சுற்றி, நிலவுக்கு ஒளிவட்டம் கட்டியது போல, தெளிந்த வட்டம். மருந்து பரவிய தூரத்துக்கு அங்கே ஒன்றும் வளரவில்லை. வட்டத்தின் அகலத்தை அடிமட்டத்தால் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவோம். அம்மாவின் தட்டில் பென்சிலின் வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ.யைக் காட்டிக்கொடுக்கும் செபொக்சிட்டின் வில்லையிலும் அப்படியே. ஆனால் கோ-ட்ரைமொக்சசோலைச் சுற்றி அகன்ற, அழகான வட்டம். பல பத்தாண்டுப் பழைய மருந்து, விலையும் குறைவு.

'பவர்' என்ற சொல் இந்தத் தட்டின் முன் பொருளிழந்துபோகிறது. மருந்துக்குப் பொதுவான பலம் என்று ஒன்று கிடையாது. இந்தக் கிருமிக்கு இந்த மருந்து பொருந்துமா என்பதே கேள்வி. சில மருந்துகள் பலவகைக் கிருமிகளில் வேலை செய்யும். அதற்குப் பரந்த வீச்சு என்று பெயர். சின்னக் கண் வலை போட்டால் எல்லாம் அகப்படும், குஞ்சு மீனும் சேர்த்து. எந்த மீன் என்று தெரிந்தவர் தூண்டிலோடு போவார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாதிரி வந்த நாளிலிருந்து முடிவு போக இரண்டு மூன்று நாள் ஆகும். கடும் தொற்றோடு வந்தவரை அதுவரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வைத்தியர் அனுபவத்தை வைத்து ஒரு மருந்தைத் தொடங்குவார். முடிவு வந்ததும் மாற்றுவார். 'டொக்டர் முதலில் பிழையான மருந்து தந்துவிட்டார்' என்று வார்ட்டுக்கு வெளியே பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்த மாற்றத்தைத்தான். வீட்டிலேயே அன்ரிபயோட்டிக் நாலு வேளை குடித்துவிட்டு வருபவரின் மாதிரியில் எங்களுக்கு ஒன்றுமே வளராமல் போகலாம். கிருமி உடம்பில் இருக்கும், தட்டில் இராது. நான் கோபப்படும் இடம் இது ஒன்றுதான்.

சேற்றுக்குள் இருக்கும் இரண்டு

நமது சேறு இரண்டு வேறுபட்ட பாடங்களை வைத்திருக்கிறது. ஒன்று எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் அதுதான் என உறுதியானது. அந்தக் கிருமி இன்றும் பென்சிலினுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் அடங்குகிறது. வயலில் இறங்கும் கமக்காரருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டொக்சிசைக்கிளின் கொடுப்பதும் அதனால்தான். 'கண்டபடி குடிக்காதே என்கிறீர்கள், நீங்களே காய்ச்சலில்லாதவனுக்குக் கொடுக்கிறீர்கள்' என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. அந்த மருந்தும் குடலில் தெரிவு நடத்தத்தான் செய்யும். ஆனால் ஆபத்து உள்ளவருக்கு, ஆபத்தான காலத்தில், கணக்காகக் கொடுப்பதில் கிடைக்கும் நன்மை பெரிது.

மற்றது மெலியோய்டோசிஸ் என்ற நோய். அதைத் தருவது ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா. இலங்கையின் பல மாவட்டங்களில் கண்டறியப்பட்டது. நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் பிடிக்கும். காசநோய் போலவும் வரும், உள்ளுறுப்பில் சீழ்க்கட்டியாகவும் வரும். இது பென்சிலினுக்கும் ஜென்ரமைசினுக்கும் பொதுவாக இயற்கையிலேயே அடங்காது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்துப் பதினாலு நாள், அதன்பின் மூன்று மாதமளவில் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை. இந்த எதிர்ப்பு நாம் மருந்தைப் பாழாக்கியதால் வந்ததல்ல. மண்ணுக்குள் பற்றீரியாவும் பங்கசும் ஒன்றையொன்று நஞ்சூட்டிப் போரிடும் போர் மனிதனைவிடப் பழையது. 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011இல் காட்டினார்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் மண் பற்றீரியாவிலிருந்து எடுத்ததுதான். ஆயுதமும் கேடயமும் ஒரே பட்டறையில் வந்தவை.

முழுக் கோர்ஸும் புது மருந்தும்

'கோர்ஸை முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இல் நோபல் உரையில் எச்சரித்தது குறைந்த அளவில் மருந்து எடுப்பதைப் பற்றி. ஆனால் நீண்ட நாள் குடிப்பதும் தெரிவை நீட்டிக்கும். அதனால் பல சாதாரணத் தொற்றுகளுக்கு ஆராய்ச்சிகள் நாளைக் குறைத்துவருகின்றன; சிக்கலில்லாத நியூமோனியாவுக்கு ஐந்து நாள் போதும் என்ற நிலை பல இடங்களில் வந்துவிட்டது. காசநோய் அப்படி இல்லை. மெதுவாக வளரும் அந்தக் கிருமிக்கு மாதக்கணக்கு வேண்டும், ஒரே நேரத்தில் பல மருந்தும் வேண்டும். நாளைத் தீர்மானிப்பது நோய். அதை அறிந்தவர் வைத்தியர். 'சுகமாகிவிட்டது' என்று நாமாக நிறுத்துவதற்கும் வைத்தியர் ஐந்து நாள் என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம்.

புது மருந்துகள் வராமலில்லை, மெதுவாக வருகின்றன. பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்த சிகிச்சையை, பெடாகுவிலின் உள்ளிட்ட மருந்துகளால் ஆறு மாதமாக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பற்றீரியாவைத் தின்னும் வைரஸான பேஜை மருந்தாக்கும் முயற்சி 1919 முதல் உண்டு. ஜோர்ஜியாவின் திபிலீசியில் அது விடாமல் தொடர்ந்தது. மற்றவர்களும் இப்போது தூசு தட்டுகிறார்கள். தடை விஞ்ஞானத்தில் மட்டுமல்ல, வியாபாரத்திலும். புது அன்ரிபயோட்டிக் வந்தால் அதை அவசரத்துக்கென்று அலுமாரியில் வைக்கத்தான் வைத்தியர்கள் விரும்புவார்கள். விற்காத சாமானை யார் செய்வார்? பிளாசோமைசின் 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைச் செய்த நிறுவனம் 2019இல் வங்குரோத்தானது. அதே 2019இல் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது.

அம்மாவுக்கு இவ்வளவும் சொல்ல நேரமிருக்கவில்லை. தட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிடித்துக் காட்டினேன். வட்டம் உள்ள வில்லையையும் இல்லாத வில்லையையும் அவரே விரலால் காட்டினார். பிறகு கிளினிக் கொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்படியென்றால், தம்பி, அந்த விலை கூடிய குளிசையில் மிச்சம் ஆறு இருந்தது. கோழிகள் தூங்கி விழுந்தன. இடித்துத் தண்ணீரில் கலந்து வைத்தேன். அது பிழையோ?"

"கோழிகள் என்ன ஆயின, அம்மா?"

"நாலு செத்தது. மிச்சம் முட்டையிடுகிறது," என்றார். "உங்களுக்குக் கொண்டுவரவா?"